வண்டியேற மறுக்கும் நாய்

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில், விலை பேசி முடிந்த மாட்டை லாரியில் ஏற்றுபவர்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். கைதேர்ந்த ஆள் மாட்டைத் தொடுவதற்கு முன்பு லாரியைத்தான் பார்ப்பார். மேடான இடத்தோடு அணைத்து நிறுத்தச் சொல்வார். தளத்தில் வைக்கோலோ மணலோ பரப்பியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். குளம்பு வழுக்கினால் மாடு மிரளும். ஒருமுறை மிரண்டுவிட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் அன்றைக்கு ஏறாது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு வரும் குதிரைகளையும் மாடுகளையும் ஏற்றி இறக்குகிறவர்களிடமும் இந்தக் கைப்பழக்கத்தைப் பார்க்கலாம். கொங்கு நாட்டில் இது அப்பாரு காலத்திலிருந்து வரும் அறிவு.

நாய் விஷயத்தில் மட்டும் இந்த அறிவை நாம் எடுத்து வருவதே இல்லை. தடுப்பூசி நாள் வந்ததும், கட்டுத்தரை ஓரம் படுத்திருக்கும் நாயைச் சங்கிலியோடு அவிழ்த்து, கார் கதவைத் திறந்து, ஒருவர் முன்னாலிருந்து இழுக்கிறார். இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளுகிறார். நாய் நான்கு காலையும் ஊன்றிக்கொள்கிறது. கழுத்துப் பட்டை காது வரை ஏறுகிறது. ஒரு குரைப்பு, ஒரு அதட்டல், சில நேரம் கையில் ஒரு பல் தடம். “எங்க நாய் வண்டி ஏறாதுங்க” என்று முடிவாகிவிடுகிறது.

அந்த முடிவுக்கு நாய் கொடுக்கும் விலை பெரிது. வண்டி ஏறாத நாய்க்குத் தடுப்பூசி தள்ளிப்போகிறது. கட்டி பெரிதான பிறகுதான் மருத்துவர் பார்க்கிறார். எப்படியோ ஏற்றிவிட்ட நாயும் பாதுகாப்பாக இருப்பதில்லை. பின் இருக்கையில் கட்டில்லாமல் உருள்கிறது, அல்லது ஓட்டுபவரின் மடிக்குத் தாவுகிறது. ஏற மறுக்கும் நாயை அடங்காத நாய் என்று பார்ப்பதை முதலில் நாம் விட வேண்டும். அது பயந்திருக்கிறது. பயத்தை இழுத்து வெளியேற்ற முடியாது. சந்தைக்காரர் முதலில் லாரியைப் பார்த்த மாதிரி நாமும் முதலில் காரைப் பார்க்க வேண்டும்.

பயம் எங்கிருந்து வருகிறது

நாயின் உயரத்தில் குனிந்து ஒரு காரைப் பாருங்கள். ஏற வேண்டிய இடம் அதன் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. இருக்கை ரெக்சின், நகம் ஊன்றாது. வண்டி நகர்ந்ததும் காலுக்குக் கீழே தரை அசைகிறது. வளைவில் உடல் ஒரு பக்கம் சாய்கிறது, பிரேக்கில் முன்னால் தள்ளப்படுகிறது. பிடித்துக்கொள்ளக் கையில்லாத உயிர் அது. டீசல் வாடை, டேஷ்போர்டில் வைத்த வாசனைக் குப்பி, ஏசியின் இரைச்சல் என்று எல்லாமே நம்மைவிட அதற்குப் பல மடங்கு அதிகம்.

1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் ஒரு விவரம் உண்டு. மாடுகளைச் சாதாரண சரக்கு வண்டியில் ஏற்றினால், தளத்தில் தென்னைநார் விரிப்போ மரப்பலகையோ போட்டு வழுக்காமல் செய்ய வேண்டும் என்கிறது அந்த விதி. ஒரு லாரிக்கு ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. வழுக்கும் தரைதான் விலங்கின் முதல் அச்சம் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். வண்டி ஏறாத நாயை வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே. பின் இருக்கையில் ரப்பர் அடி கொண்ட கனமான விரிப்பு ஒன்றைப் போடுங்கள். அதன் மேல் நாய் வழக்கமாகப் படுக்கும் சாக்கைத் துவைக்காமல் அப்படியே விரியுங்கள். சொந்த வாடை அடிக்கும் இடத்தில் நாய்க்குப் பாதி பயம் குறையும்.

இரண்டாவது காரணம் நினைவு. நம் தோட்டத்து நாய்கள் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறைதான் வண்டி ஏறுகின்றன. அந்த ஒரு பயணமும் ஊசியில் முடிகிறது. கார் கதவு திறந்தால் வலி வரும் என்று நாய் கணக்குப் போட்டு வைத்திருந்தால் அந்தக் கணக்கில் தவறே இல்லை. அதன் அனுபவத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை.

மூன்றாவது, குமட்டல். குட்டி நாய்களுக்குச் சமநிலையைக் கவனிக்கும் உட்காதுப் பகுதி முழுதாக வளர்ந்திருக்காது. அதனால் பயண வாந்தி அவற்றுக்கு அதிகம். வளர வளரப் பலவற்றுக்கு இது சரியாகிவிடும். ஆனால் குட்டியில் வாந்தி எடுத்த காரை நாய் மறப்பதில்லை. உடல் தேறிய பிறகும் அச்சம் தங்கிவிடுகிறது.

பயம் வந்துவிட்டதை நாய் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். தீனி எதுவும் முன்னால் இல்லாதபோது உதட்டை நக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். வால் உள்ளே போகும், எச்சில் வடியும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இதையெல்லாம் தாண்டி நாம் நெருங்கினால் உறுமும். உறுமுவதற்காக நாயை அடிக்காதீர்கள். அது கடிக்கப் போகிறேன் என்று கொடுக்கும் எச்சரிக்கை. உறுமலுக்கு அடி வாங்கிப் பழகிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். அதேபோல், பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். தடவுவதை அது விரும்பினால் தாராளமாகத் தடவலாம்.

எங்கேயும் போகாத பயணங்கள்

வண்டிக்குப் பழக்கும் வேலையை ஊசி நாளில் தொடங்கக் கூடாது. எந்த அவசரமும் இல்லாத ஒரு சாயங்காலத்தில், வாசலில் நிற்கும் காரில் தொடங்க வேண்டும். எஞ்சின் ஓடக் கூடாது. பின்னிரு கதவுகளும் விரியத் திறந்திருக்கட்டும். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கிப் போகலாம் என்று தெரிந்த நாய் உள்ளே நுழையத் துணியும். ஒரே கதவு திறந்த கார் அதன் கண்ணுக்குப் பொறி.

அன்றைய தயிர்ச் சோற்றைக் காரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தின்றுவிட்டுப் போகட்டும். கதவைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். அடுத்தடுத்த நாட்களில் தட்டு கதவடிக்கு நகரும், பிறகு காரின் உள்தரைக்கு, பிறகு இருக்கைக்கு. இடையிடையே அவித்த கோழி ஈரல் இரண்டு துண்டு. ஈரல் காருக்குள் மட்டுமே கிடைக்கும் பொருளாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் அதைக் கொடுத்தால் காருக்கு மதிப்புப் போய்விடும்.

இந்தப் பயிற்சிக்கு அளவுகோல் நாயின் வாய்தான். தின்னும் நாய் தாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. விருப்பமான ஈரலையே முகர்ந்துவிட்டு விலகினால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். முந்தின படிக்குத் திரும்ப வேண்டும். இருக்கையில் நிதானமாக உட்கார்ந்து தின்னத் தொடங்கிய பிறகு கதவை ஒரு நொடி சாத்தித் திறக்கலாம். பிறகு ஒரு நிமிடம். பிறகு வண்டி நின்றபடியே எஞ்சினை ஓடவிடலாம். அது பழகியதும் வாசலிலிருந்து கேட் வரைக்கும், கேட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும். சில நாய்கள் ஒரு வாரத்தில் இத்தனையையும் கடந்துவிடும். அடிபட்ட நினைவுள்ள நாய்க்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். அந்த இரண்டு மாதத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு வாழப்போகும் உயிருக்கு இது அதிகமில்லை.

முதல் உண்மையான பயணம் நாய்க்குப் பிடித்த இடத்தில் முடியட்டும். ஈரோட்டுக்காரர்களுக்குக் காலிங்கராயன் வாய்க்கால் கரை இருக்கிறது, கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் கரை இருக்கிறது. கயிற்றைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் முகர்ந்து திரியவிட்டுத் திரும்பலாம். தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் கயிற்றை விட்டுவிடாதீர்கள், வாய்க்காலின் இழுவை வலுவானது. இப்படி நாலைந்து பயணங்களுக்கு நடுவே ஒருமுறை கால்நடை மருத்துவமனை வாசலுக்கும் போய், எடை மட்டும் பார்த்து, ஈரல் கொடுத்துத் திரும்பிவிடுங்கள். ஊசி இல்லாத ஆஸ்பத்திரியும் உண்டு என்று நாய்க்குத் தெரிய வேண்டும்.

ஏறும் உயரம் இன்னொரு தடை. வயதான நாய், இடுப்பு வலியுள்ள நாய், கனத்த லாப்ரடார் இவற்றுக்கெல்லாம் தாவுவதே வேதனை. ஓர் அகலமான பலகையில் சாக்கைச் சுற்றி ஆணியடித்தால் நல்ல சாய்தளம் கிடைத்துவிடும். பலகையும் முதலில் தரையில் கிடந்து, நாய் அதன் மேல் நடந்து பழகிய பிறகுதான் காரில் சாய வேண்டும். தூக்கியே ஏற்றுவதானால் ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், ஒரு கை பின்தொடைகளுக்குப் பின்னால் இருக்கட்டும். நாயின் உடல் நம் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். பெரிய நாய்க்கு இரண்டு பேர். முன்னங்காலைப் பிடித்துத் தூக்குவதும், கழுத்துப் பட்டையில் தொங்கவிடுவதும் மூட்டையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கும்.

கழுத்தில் வேண்டாம், நெஞ்சில்

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஓடுவதற்கென்றே அமைந்த இந்த வேட்டை நாய்களின் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். சாதாரணக் கழுத்துப் பட்டை எவ்வளவு இறுக்கினாலும், நாய் பின்னால் நகர்ந்து தலையைக் குனிந்தால் கழன்று வந்துவிடும். பெருந்துறை சாலையில் கார் கதவைத் திறந்த நொடியில் பட்டை கையிலும் நாய் சாலையிலும் இருந்தால், அதைத் துரத்திப் பிடிக்க மனிதக் கால்களால் முடியாது. ராஜபாளையம் இனத்தில் காது கேளாத நாய்களும் பிறப்பதுண்டு. அவற்றைக் கூப்பிட்டும் பயனில்லை.

நெஞ்சையும் தோளையும் சுற்றி வரும் ஹார்னஸ்தான் பயணத்துக்கு ஏற்றது. நெஞ்சுப் பட்டை அகலமாக இருக்க வேண்டும், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும். முதுகுப் பக்க வளையத்திலிருந்து ஒரு குட்டைப் பட்டை, காரின் சீட் பெல்ட் கொக்கியில் மாட்டும். நாய் உட்காரலாம், படுக்கலாம், திரும்பலாம். முன் இருக்கைக்குத் தாவ முடியாத நீளம் போதும். இந்தப் பட்டையைக் கழுத்தில் மாட்டக் கூடாது. திடீர் பிரேக்கில் அதுவே தூக்குக் கயிறாகிவிடும்.

ஏன் இத்தனை கட்டாயம்? கணக்குப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்குள் கட்டில்லாமல் இருக்கும் நாயும் 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து, கீழே விழும் உடல் தரையைத் தொடும்போது அடையும் வேகம் அது. கார் மோதி, முன்பக்கம் நசுங்கி, முக்கால் மீட்டரில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ நாய் அதன் எடையைப் போல் ஏறக்குறைய 19 மடங்கு விசையோடு முன்னால் இருப்பதை இடிக்கும். கிட்டத்தட்ட 380 கிலோ. முன்னால் இருப்பது பெரும்பாலும் ஓட்டுபவரின் தலையும் முதுகும்தான். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில், பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த பிறகுதான் பின் இருக்கைப் பெல்ட் பற்றி நாடு பேசத் தொடங்கியது. நாயைப் பற்றி இன்னும் பேசவில்லை. முன் இருக்கையில் நாயை உட்கார வைப்பதும் ஆபத்து. வெடித்து விரியும் ஏர்பேக், பெரியவர்களின் நெஞ்சை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. நாயின் முகத்துக்கு அது பேரடி.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 194பி பிரிவு, பெல்ட் போடாத மனிதர்களுக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. நாயை எப்படிக் கட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, ஓட்டுபவரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறாக யாரையும் உட்கார வைக்கவோ எதையும் வைக்கவோ கூடாது என்கிறது. மடியில் நாயை வைத்து ஓட்டுபவரை இந்தப் பிரிவின் கீழேயே தடுக்கலாம். பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு நாயைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது. அதன் 57ஆவது விதி ஹார்னஸ், கூண்டு, தடுப்பு வலை என்று வழிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு வரி வர வேண்டும்.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தேவையில்லாத வலியும் துன்பமும் நேரும்படி எந்த விலங்கையும் வண்டியில் கொண்டுபோவது குற்றம் என்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை. இதை இன்னும் உயர்த்தாமல் வைத்திருப்பது, அந்தச் சட்டத்தை மதிக்க வேண்டாம் என்று நாமே சொல்வதற்குச் சமம்.

கடையில் வாங்கும் ஹார்னஸ் எல்லாம் விபத்தைத் தாங்கும் என்றும் நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் செல்லப் பிராணிகளின் பயணப் பாதுகாப்பை ஆராயும் ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ அமைப்பு, சுபாரு கார் நிறுவனத்தின் உதவியோடு 2013இல் சந்தையிலிருந்த ஹார்னஸ்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. எல்லா வகையிலும் தேறியது ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றில் தையல் பிரிந்தது, அல்லது நாய்ப் பொம்மை இருக்கையை விட்டுப் பறந்தது. நாம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை எளியவை: பிளாஸ்டிக் கொக்கி வேண்டாம், இரும்பு வேண்டும், தையல் இரட்டையாக இருக்க வேண்டும், நெஞ்சுப் பகுதிக்கு மெத்தை வேண்டும். எப்படிப்பட்ட ஹார்னஸும் நாயைத் தன் இடத்தில் இருத்தி, ஓட்டுபவரின் கவனத்தைக் காப்பாற்றுகிறது. அதுவே பாதி விபத்தைத் தவிர்க்கும்.

நாய் அமைதியற்றது என்றால் கூண்டு நல்லது. உள்ளே எழுந்து நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் போதும். அதற்கு மேல் பெரிதானால் பிரேக்கில் உள்ளேயே உருளும். கூண்டைப் பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள இடத்தில் வைத்துப் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். சின்ன நாயின் பயணப் பெட்டிக்கு முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள கால் வைக்கும் இடமே பாதுகாப்பு. கூண்டையும் காரைப் போலவே முதலில் வீட்டில் திறந்து வைத்து, நாய் தானாகப் போய்ப் படுக்கும்வரை பழக்க வேண்டும்.

கார் இல்லாத வீடுகளையும் நினைக்க வேண்டும். டிவிஎஸ் எக்ஸெல்லின் கால்பலகையில் நின்றபடி எஜமானரோடு தோட்டத்துக்குப் போய்வரும் நாய் கொங்கு நாட்டின் அன்றாடக் காட்சி. அந்த நெருக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் லாரி ஹாரனுக்கு மிரண்டு ஒரு நாய் குதித்தால் இரு உயிரும் விழும். தோட்டத்துப் பாதைக்கு அது போதும், நெடுஞ்சாலைக்கு வேண்டாம். டாடா ஏஸ் போன்ற வண்டியின் திறந்த பின்புறத்தில் நீளமான சங்கிலியில் கட்டிக் கொண்டுபோவது அதைவிட மோசம். நாய் பக்கவாட்டில் தாவினால் சங்கிலியில் தொங்கிவிடும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அந்த வண்டிதான் இருக்கிறது என்றால், கூண்டில் வைத்து, கூண்டைக் கேபினோடு ஒட்டிக் கட்டி, மேலே நிழல் போட்டுக் கொண்டுபோகலாம்.

பழக்க நேரமில்லாதபோது

இத்தனை பொறுமைக்கும் நேரமில்லாத இரவும் வரும். வரப்பில் கண்ணாடி விரியன் கடித்த நாய், சாலையில் வண்டி இடித்த நாய். அப்போது நினைவில் வைக்க வேண்டிய முதல் செய்தி: வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும், சோறு போட்டு வளர்த்தவரையும்.

முகத்துக்கு நேராகக் குனியாதீர்கள். பக்கவாட்டில் வாருங்கள், மெல்லப் பேசுங்கள். ஒரு நீளமான பருத்தித் துணியை எடுத்து ஒரு சுருக்கு வளையம் செய்து, மூக்குத்தண்டின் மேல் போட்டு, முகவாய்க்குக் கீழே குறுக்காக மாற்றி, காதுகளுக்குப் பின்னால் முடிச்சிடுங்கள். இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் இப்படிக் கட்டக் கூடாது. ஏற்றி முடித்து நாய் அசையாமல் படுத்துவிட்டால் கட்டைத் தளர்த்திவிடலாம். நாய் வியர்த்துக் குளிர்வதில்லை, வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணிக்கிறது. அதனால்தான் முன்னேற்பாடாக வாங்கி வைப்பதானால் வாயைத் திறக்க இடம் தரும் கூடை வகை வாய்மூடியே நல்லது. அதையும் சாதாரண நாட்களில் ஈரல் வைத்துப் பழக்கியிருக்க வேண்டும்.

அடிபட்ட நாயைத் தூக்க நம் வீட்டிலேயே நல்ல சாதனம் இருக்கிறது. பவானி ஜமுக்காளம். நாய்க்குப் பக்கத்தில் விரித்து, உடலை ஒரே தட்டாக, முதுகு வளையாமல், அதன் மேல் நகர்த்துங்கள். நான்கு மூலையையும் இருவர் இறுகப் பிடித்தால் கெட்டியான தூளி கிடைக்கும். முதுகெலும்பு முறிந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் ஜமுக்காளத்துக்குக் கீழே ஒரு பலகை. பாம்பு கடித்திருந்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள். தூக்கிச் சென்று ஏற்றுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குமான மனித மருந்தே நாய்க்கும் மருந்து. கிளம்பும்போதே மருத்துவரை அழைத்து அந்த மருந்து கையிருப்பில் உள்ளதா என்று கேட்டுவிட்டால் வீண் அலைச்சல் தவிரும். மருத்துவர் வீட்டுக்கே வந்தால் போதும் என்ற நிலைக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. ஆடு மாடு வைத்திருக்கும் பலருக்கு அந்த எண் மனப்பாடம்.

ஏற்றும்போது கடித்துவிட்டால், சொந்த நாய்தானே என்று விடக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள் தூள் அப்ப வேண்டாம், மஞ்சள் சந்தைக்குப் பேர்போன ஈரோட்டில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

நாயை வண்டியேற்றும் இந்தத் திறமை வீட்டு நாயோடு முடியும் விஷயமும் இல்லை. வெள்ளகோவில், காங்கேயம், சென்னிமலைப் பக்கம் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கொன்ற தெருநாய்களால் விவசாயிகள் கொதித்துப்போய் போராடினார்கள். அவர்கள் இழப்பு உண்மையானது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் திருத்தி வழங்கிய உத்தரவும், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போடுவதை வலியுறுத்துகின்றன. அப்படியென்றால் ஆயிரக்கணக்கான நாய்கள் வண்டியேற்றப்படும். பிடிப்பவர்களுக்குப் பயிற்சியும், வழுக்காத தளமுள்ள கூண்டு வண்டியும், கைக்கு உறையும், முன்கூட்டிய தடுப்பூசியும் கிடைக்க வேண்டும். கம்பிச் சுருக்கில் இழுபட்ட நாய் அடுத்த முறை வண்டியைப் பார்த்ததுமே ஓடும். பிடிபடாத நாய்தான் குட்டி போடும்.

ஈரோட்டு வெயில்

2024 ஏப்ரலில் ஈரோட்டில் பல நாட்கள் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஊரில் நாயோடு பயணம் செய்பவருக்கு வெயில்தான் பெரிய எதிரி. நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி ஏறும் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் அளந்து காட்டினார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பூட்டிய காரில் நாயை விட்டுப் போகாதீர்கள். நிழலில் நிறுத்தியிருந்தாலும் கூடாது.

பெரிய சிகிச்சைக்கு ஈரோட்டுக்காரர்கள் போகும் இடம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. பள்ளிபாளையம், திருச்செங்கோடு வழியாக ஒன்றரை மணி நேரப் பயணம். விடியற்காலையில் கிளம்புங்கள். 1978 விதிகள் பயணத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தீனியையும் தண்ணீரையும் முடிக்கச் சொல்கின்றன. வழியில் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தர வேண்டும் என்கின்றன. ஈரோட்டுக் கோடையில் நான் மணிக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வேன். மலையேறுகிறவர்கள், குறிப்பாகத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் போகிறவர்கள், வேகத்தைக் குறைத்து, நாய் வெளியே பார்க்கும்படி முன்னோக்கி உட்கார வைத்து, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால் வாந்தி குறையும். தலை வெளியே நீளும் அளவுக்கு இறக்க வேண்டாம். கண்ணில் தூசியும் பூச்சியும் அடிக்கும், எதிர் வண்டியும் வரும்.

மாத்திரை பற்றிப் பலர் கேட்கிறார்கள். வாந்திக்கு மாரோபிட்டன்ட் என்ற மருந்து நாய்களுக்கென்றே இருக்கிறது. பதற்றத்துக்கு டிராசோடோன், கேபாபென்டின் போன்றவற்றை மருத்துவர்கள் எழுதுகிறார்கள். முன்பு பரவலாகக் கொடுத்த அசிபுரோமசின் உடலைத் துவளச் செய்யும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், பயத்தைக் குறைக்காது. அசைய முடியாமல் பயந்து கிடப்பது நாய்க்கு இன்னும் கொடுமை. எந்த மருந்தானாலும் மருத்துவர் எடை பார்த்து எழுதியதை, பயண நாளுக்கு முன்பே ஒருமுறை வீட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் மனிதத் தூக்க மாத்திரையோ பாராசிட்டமாலோ கூடவே கூடாது.

கதவைத் திறக்கும் முன்

நாய்கள் தப்பி ஓடுவது பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடத்தில்தான். ஊர் புதிது, வாடை புதிது, ஆஸ்பத்திரி வாசலில் முப்பது நாய்கள் குரைக்கின்றன. வண்டி நின்றதும் கதவைத் திறக்கிறோம். அதற்கு முன்பே ஒருவர் உள்ளே உட்கார்ந்தபடி பிடிகயிற்றை ஹார்னஸில் மாட்டி, கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றியிருக்க வேண்டும். அதன் பிறகு சீட் பெல்ட் கொக்கி, அதன் பிறகுதான் கதவு. இந்த வரிசை மாறக் கூடாது. ஹார்னஸில் உங்கள் கைபேசி எண் எழுதிய தகடு தொங்கட்டும். கூட்டம் அதிகமென்றால் ஒருவர் சீட்டு வாங்கப் போகட்டும். இன்னொருவர் ஏசி ஓடும் காரில் நாயோடு இருக்கட்டும். முறை வந்ததும் நேராக உள்ளே போகலாம்.

ஊசி போட்டுத் திரும்பிய நாய்க்கு அந்த வாரத்துக்குள் இன்னொரு கார் பயணம் தேவை. ஆஸ்பத்திரிக்குப் போகாத, வாசலை விட்டே நகராத பயணம். மறுநாள் சாயங்காலம் இரு கதவையும் திறந்து வைத்து, ஈரலைப் பின் இருக்கையில் வையுங்கள். தின்றுவிட்டு மறுபக்கக் கதவு வழியாக இறங்கிப் போகட்டும். அடுத்த ஆண்டுத் தடுப்பூசிக்கான ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது.